விண்டோஸில் லாகின் விவரத்தைச் சேமிக்க எந்தக் கட்டளை?

இரவு இரண்டு மணிக்கு ஒரு ஸ்கிரிப்ட் ஓட வேண்டும். சர்வரில் உள்ள கோப்புகளை ஒரு நாஸ் பெட்டிக்கு, அதாவது நெட்வொர்க்கில் மாட்டிய சேமிப்புப் பெட்டிக்கு, நகலெடுப்பது அதன் வேலை. நாஸ் நிறுவனத்தின் டொமைனில், அதாவது கணக்குகளை மையமாக நிர்வகிக்கும் கணினிக் குழுவில், சேராதது. அதற்கென்று தனி யூசர், தனிக் கடவுச்சொல். அந்த நேரத்தில் கீபோர்டு முன்னால் யாரும் இருக்கப்போவதில்லை. ஆக, கடவுச்சொல் முன்கூட்டியே எங்கேயாவது ஓரிடத்தில் இருந்தாக வேண்டும். பேட்ச் கோப்பிலேயே பச்சையாக எழுதிவைப்பவர்கள் இன்றைக்கும் உண்டு. அதைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும் விண்டோஸ் கொடுக்கும் வழிகள் அரை டஜனுக்கு மேல் இருக்கின்றன: சிஎம்டிகீ, நெட் யூஸ், ரன்ஆஸ், டாஸ்க் ஷெட்யூலர், சர்வீஸ் கணக்கு, பவர்ஷெல் கோப்பு, கடைசியாகக் கடவுச்சொல்லே கையாளத் தேவையில்லாத ஜிஎம்எஸ்ஏ.

எது நன்றாக என்கிரிப்ட் செய்கிறது என்பதுதான் பெரும்பாலும் முதலில் எழும் கேள்வி. அதில் நேரம் செலவழிப்பது வீண் என்பேன். இந்த வழிகளில் பெரும்பாலானவை அடியில் இரண்டே வசதிகளில் போய் நிற்கின்றன. ஒன்று டிபிஏபிஐ, விண்டோஸ் 2000 முதல் இருக்கிறது, யூசரின் சொந்தக் கடவுச்சொல்லோடு பிணைந்த சாவியால் என்கிரிப்ட் செய்கிறது. மற்றது, லாகினைச் சரிபார்க்கும் விண்டோஸ் பகுதியான எல்எஸ்ஏ வைத்திருக்கும் எல்எஸ்ஏ சீக்ரெட். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியின் செக்யூரிட்டி பகுதிக்குள், சிஸ்டம் கணக்குக்கு மட்டும் எட்டும்படி இருப்பது. அந்தக் கணினியில் அட்மின் உரிமை பெற்றவர் முனைந்தால் இரண்டையும் திறந்துவிடுவார். மிமிகேட்ஸ் மாதிரிக் கருவிகள் அதைத்தான் செய்கின்றன.

அதனால் கேட்க வேண்டியவை வேறு. சேமித்த விவரத்தை எடுத்துப் பயன்படுத்தப்போவது எந்தக் கணக்கு? அந்தக் கணக்கு எந்த வகை லாகினில் ஓடுகிறது? அதே கணக்கில் ஓடும் வேறு எந்த நிரலுக்கெல்லாம் அந்த விவரம் சேர்ந்தே கிடைத்துவிடும்? இவற்றுக்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதி வழிகள் தாமாகவே கழன்றுவிடும்.

சிஎம்டிகீ: எளியது, ஆனால் நுணுக்கம் உள்ளது

கிரெடென்ஷியல் மேனேஜர் என்று கன்ட்ரோல் பேனலில் பார்ப்போமே, அதன் கட்டளைவரி முகம்தான் சிஎம்டிகீ. தனியாக நிறுவ வேண்டியதில்லை. சிஸ்டம்32 ஃபோல்டரிலேயே இருக்கிறது. நம் நாஸ் பெட்டிக்குக் கட்டளை இப்படி வரும்:

சிஎம்டிகீ /ஆட்:நாஸ்01 /யூசர்:நாஸ்01\பேக்கப் /பாஸ்

கடைசியில் பாஸ் என்ற பகுதிக்குப் பின்னால் கடவுச்சொல்லை எழுதாமல் விட்டிருப்பதைக் கவனியுங்கள். விட்டால் கட்டளை தானே கடவுச்சொல்லைக் கேட்கும். தட்டச்சு செய்வது திரையில் தெரியாது. யூசர் பெயருக்கு முன்னால் நாஸின் பெயரைச் சேர்த்திருப்பதும் காரணத்தோடுதான். டொமைனில் உள்ள கணினியிலிருந்து வெறும் பேக்கப் என்று மட்டும் அனுப்பினால், அது டொமைன் யூசர் என்று எடுத்துக்கொள்ளப்பட்டு நாஸ் மறுத்துவிட வாய்ப்புண்டு.

அடுத்து, இலக்கின் பெயர். சிஎம்டிகீ பெயரை எழுத்துக்கு எழுத்து பார்க்கிறது. நாஸ்01 என்று சேமித்துவிட்டு ஸ்கிரிப்டில் ஐபி முகவரியைப் போட்டால் சேமித்த விவரம் எட்டிப்பார்க்காது. டொமைன் பின்னொட்டோடு கூடிய முழுப் பெயரும் தனி இலக்குதான். ‘சேமித்தேனே, ஏன் மறுபடியும் கேட்கிறது’ என்ற புலம்பலில் கணிசமான பங்கு இங்கேதான் முடியும். ஸ்கிரிப்டில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதையே இலக்காகக் கொடுங்கள்.

விவரம் பெயருக்குத்தான் சேமிக்கப்படுகிறது, ஷேருக்கு (நெட்வொர்க்கில் பகிரும் ஃபோல்டருக்கு) இல்லை. ஒரே நாஸில் கணக்குத் துறைக்கு ஒரு ஷேர், பொதுவுக்கு ஒரு ஷேர் என்று இரண்டு இருந்து, இரண்டுக்கும் வெவ்வேறு யூசர் வேண்டுமென்றால் சிஎம்டிகீயால் முடியாது. விண்டோஸே ஒரே சர்வருக்கு ஒரே நேரத்தில் இரண்டு யூசர் பெயரில் இணைய விடாது; 1219 என்ற பிழை எண்ணோடு திருப்பி அனுப்பும். ஒன்றைப் பெயராலும் இன்னொன்றை ஐபி முகவரியாலும் அணுகித் தப்பிப்பது பழைய உபாயம். வேலை செய்யும், ஆனால் ஆறு மாதம் கழித்துப் பார்ப்பவருக்கு எதற்காக இப்படி இருக்கிறது என்று புரியாது. பக்கத்திலேயே ஒரு கமெண்ட் எழுதிவையுங்கள்.

இதில் இரண்டு வகைச் சேமிப்பு உண்டு என்பதும் தேர்வில் முக்கியம். ஆட் என்று கொடுத்தால் டொமைன் பாஸ்வேர்டு வகை. ஜெனரிக் என்று கொடுத்தால் பொது வகை. முதல் வகையை எல்எஸ்ஏ மட்டுமே எடுத்துப் பயன்படுத்தும். சாதாரண நிரல் ஒன்று கிரெடென்ஷியல் மேனேஜரைக் கேட்டால் யூசர் பெயர் கிடைக்கும், கடவுச்சொல் கிடைக்காது. பொது வகையிலோ, அதே யூசராக ஓடும் எந்த நிரலும் கேட்ட மாத்திரத்தில் கடவுச்சொல்லைப் பெற்றுவிடும். அதற்கு அட்மின் உரிமைகூட வேண்டாம். பிரௌசர் எக்ஸ்டென்ஷன் பெயரில் உள்ளே வந்த ஏதோ ஒரு நிரலுக்கும் இது பொருந்தும். ஷேருக்கு இணைய ஆட் போதும். ஜெனரிக் தேவையே இல்லாத இடத்தில் அதைப் போடாதீர்கள்.

எங்கே சிஎம்டிகீ கைவிடும்? தொலைவிலிருந்து அமைக்கும்போது. பவர்ஷெல் ரிமோட்டிங் வழியாகவோ, சாவி கொண்டு எஸ்எஸ்ஹெச் வழியாகவோ ஒரு சர்வருக்குள் போய் இதே கட்டளையைக் கொடுத்தால், இந்த லாகின் செஷனிலிருந்து விவரங்களைச் சேமிக்க முடியாது என்று பதில் வரும். கட்டளையில் பிழை இல்லை. அப்படி நுழைவது நெட்வொர்க் வகை லாகின். அந்த வகைக்குக் கிரெடென்ஷியல் மேனேஜரைத் தொட அனுமதி இல்லை. ஐம்பது சர்வர்களில் ஒரே மூச்சில் சேமிக்கலாம் என்று நினைத்து இறங்குபவர்கள் முட்டிக்கொள்ளும் இடம் இது. சுற்றுவழியாக, அந்தந்தச் சர்வரில் ஒருமுறை மட்டும் ஓடும் டாஸ்க் ஒன்றை உருவாக்கி, அதற்குள் சிஎம்டிகீயை ஓட்டுகிறார்கள். அப்போது அந்தக் கட்டளைக்குள்ளேயே கடவுச்சொல்லை எழுத வேண்டிவருகிறது. மறைக்கப் போனது வெளியே வந்துவிடுகிறது. இந்த அளவுக்குப் போகும் நிலை வந்தால் சிஎம்டிகீயை விட்டுவிட்டு வேறு வழி பார்ப்பதுதான் சரி.

இன்னொரு தடை குரூப் பாலிசி, அதாவது நிறுவனம் எல்லாக் கணினிகளுக்கும் மையமாக விதிக்கும் அமைப்புகள். நெட்வொர்க் அங்கீகாரத்துக்கான கடவுச்சொற்களைச் சேமிக்க அனுமதிக்காதே என்றொரு அமைப்பு உண்டு. பாதுகாப்பு இறுக்கப்பட்ட நிறுவனங்களில் அதை இயக்கியிருப்பார்கள். இயக்கியிருந்தால் சிஎம்டிகீயின் ஆட் ஓடாது. அதோடு, கடவுச்சொல்லோடு டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு டாஸ்க்கைச் சேமிக்கப் போனாலும் ‘குறிப்பிட்ட லாகின் செஷன் இல்லை’ என்று, காரணத்துக்குச் சம்பந்தமே இல்லாதது போன்ற ஒரு செய்தி வரும். அந்தச் செய்தியைப் பார்த்தால் முதலில் பாலிசியைப் பாருங்கள்.

யூசருக்கு யூசர் தனித்தனிப் பெட்டகம் என்பதையும் மறக்க வேண்டாம். நீங்கள் உங்கள் கணக்கில் உட்கார்ந்து சேமித்தது உங்களுக்கு மட்டும்தான். இரவில் ஸ்கிரிப்டை ஓட்டுவது சர்வீஸ் கணக்கு என்றால் அந்தக் கணக்காக நுழைந்து சேமிக்க வேண்டும். சாதாரண யூசராக இருந்து, அட்மின் கேட்கும் பெட்டியில் வேறொரு கணக்கின் பெயரைக் கொடுத்துத் திறந்த கமாண்ட் விண்டோவில் சேமித்தாலும் அது அந்த அட்மின் கணக்கின் பெட்டகத்தில்தான் போய் விழும்.

நெட் யூஸ்

ஷேருக்கு இசட் போன்ற டிரைவ் எழுத்து வேண்டும் என்றால் இது. பெர்சிஸ்டென்ட் என்பதை ‘யெஸ்’ என்று கொடுத்தால் எல்லாம் நினைவில் இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். இணைப்பும் யூசர் பெயரும்தான் நினைவில் இருக்கும், கடவுச்சொல் இல்லை. சேவ்கிரெட் என்ற பகுதியைச் சேர்த்தால்தான் கடவுச்சொல்லும் சேரும், அதுவும் அதே கிரெடென்ஷியல் மேனேஜருக்குள்தான் போகிறது. ஆக, பாதுகாப்பில் சிஎம்டிகீக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. ஸ்கிரிப்டில் டிரைவ் எழுத்தே தேவையில்லை. சர்வர் பெயரோடு கூடிய முழுப் பாதையை நேரடியாகக் கொடுத்துவிடலாம். சிஎம்டிகீயில் சேமித்துவிட்டு முழுப் பாதையைப் பயன்படுத்துவதே எனக்குப் பிடித்தது. ஒருவருடைய செஷனில் இருக்கும் இசட் டிரைவ் இன்னொரு செஷனில் இருக்காது என்ற தலைவலியும் அதோடு தீரும்.

ரன்ஆஸ் சேவ்கிரெட்: வேண்டாம்

ரன்ஆஸ் என்பது ஒரு நிரலை வேறொரு கணக்கின் பெயரில் ஓட்டும் கட்டளை. இதில் மட்டும் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. பழைய மென்பொருள் ஒன்று அட்மின் உரிமை இல்லாமல் ஓடாது என்று அடம்பிடிக்கும். யூசருக்கு அட்மின் கடவுச்சொல்லைச் சொல்ல முடியாது. உடனே டெஸ்க்டாப்பில் ஒரு ஷார்ட்கட்: ரன்ஆஸ், சேவ்கிரெட், அட்மின் பெயர், மென்பொருளின் பாதை. முதல் தடவை நீங்கள் கடவுச்சொல்லைத் தட்டுகிறீர்கள். அதன்பின் கேட்காது. யூசருக்கு மகிழ்ச்சி, உங்களுக்கும் மகிழ்ச்சி.

இப்போது அதே யூசராக இருந்து சிஎம்டிகீ /லிஸ்ட் கொடுத்துப் பாருங்கள். டொமைன்:இன்டராக்டிவ் என்று தொடங்கும் ஓர் இலக்கும் அதன்கீழ் அட்மின் பெயரும் தெரியும். மென்பொருளின் பெயர் எங்கேயும் இல்லை. ஏனென்றால் அனுமதி அந்த மென்பொருளுக்கு இல்லை, அந்த அட்மின் கணக்குக்கு. யூசர் ஷார்ட்கட்டைத் திறந்து மென்பொருளின் பாதையை அழித்துவிட்டு கமாண்ட் விண்டோவின் பெயரை எழுதினால், கடவுச்சொல் கேட்காமல் அட்மின் பெயரில் ஒரு கறுப்புத் திரை திறக்கும். அதற்குப் பிறகு அந்தக் கணினியில் அவரால் என்னென்ன செய்ய முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த அட்மின் பெயரும் கடவுச்சொல்லும் எல்லாக் கணினியிலும் ஒன்றே என்றால், இன்னும் மோசம்.

மென்பொருளுக்கு உண்மையில் தேவைப்படுவது பெரும்பாலும் ஒரு ஃபோல்டரிலோ ஒரு ரெஜிஸ்ட்ரி பகுதியிலோ எழுதும் உரிமை மட்டுமே. அதைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுப்பதற்கு ஒரு மதியம் போகலாம். போகட்டும்.

ரிமோட் டெஸ்க்டாப்

ஸ்கிரிப்ட் இல்லை, ஆட்கள் உட்கார்ந்து பயன்படுத்துவது. ஆனாலும் சிஎம்டிகீ இங்கே அடிக்கடி வரும். டெர்ம்எஸ்ஆர்வி என்ற முன்னொட்டும் சாய்கோடும் சர்வர் பெயரும் சேர்த்து இலக்காகக் கொடுத்துச் சேமித்தால், ரிமோட் டெஸ்க்டாப் நிரலான எம்எஸ்டிஎஸ்சி அதை எடுத்துக்கொள்ளும். பல வருடமாக இது சிக்கலில்லாமல் ஓடியது. விண்டோஸ் 11-இன் 22ஹெச்2 பதிப்பிலிருந்து, டொமைனில் சேர்ந்த எண்டர்பிரைஸ், எஜுகேஷன் கணினிகளில் கிரெடென்ஷியல் கார்ட் என்ற பாதுகாப்பு தானாகவே இயங்கத் தொடங்கியது. அதன்பின் சேமித்த விவரத்தைப் பயன்படுத்த அனுமதி இல்லை என்ற செய்தியோடு கடவுச்சொல்லை மறுபடி மறுபடி கேட்கத் தொடங்கியது. ஜெனரிக் வகையில் சேமித்தால் ஓடும் என்று தேடுபவர்களுக்கு உடனே பதில் கிடைக்கும். ஓடவும் செய்யும். கிரெடென்ஷியல் கார்ட் பொது வகையைப் பாதுகாப்பதில்லை என்பதால்தான் ஓடுகிறது. பாதுகாப்பு வளையத்துக்கு வெளியே எடுத்து வைத்துவிட்டு வேலை நடக்கிறது என்று சொல்வதற்கு என்ன பொருள்? சோதனைக் கூடத்து மெஷின்களுக்குச் சரி. டொமைன் கணக்குகளை நிர்வகிக்கும் சர்வரான டொமைன் கன்ட்ரோலருக்குப் போகும் அட்மின் கணக்கை இப்படிச் சேமிப்பதை நான் ஏற்கமாட்டேன். ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்வது பெரிய பாரம் அல்ல. சர்வர் பக்கத்தில் எப்போதும் கடவுச்சொல் கேள் என்ற பாலிசி இருந்தால், நீங்கள் எப்படிச் சேமித்தாலும் அது கேட்கத்தான் போகிறது.

டாஸ்க்கும் சர்வீஸும்

நம் இரவு ஸ்கிரிப்டுக்கு வருவோம். அதை ஓட்டப்போவது டாஸ்க் ஷெட்யூலர். எஸ்சிஎச்டாஸ்க்ஸ் கட்டளையில் ஆர்யூ பகுதியில் யூசர், ஆர்பி பகுதியில் கடவுச்சொல். ஆர்பி-க்கு நட்சத்திரக் குறி கொடுத்தால் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கிக்கொள்ளும்; அப்படியே செய்யுங்கள். இங்கே சேமிப்பது டாஸ்க்கை ஓட்டும் விண்டோஸ் கணக்கின் கடவுச்சொல். நாஸின் கடவுச்சொல் இதற்குள் வராது. இரண்டையும் குழப்பிக்கொள்வது சகஜம்.

இங்கே ஒரு முக்கியமான டிக் பெட்டி இருக்கிறது: ‘கடவுச்சொல்லைச் சேமிக்காதே’. பாதுகாப்பாகத் தோன்றும். அதை டிக் செய்தால் டாஸ்க்குக்கு உள்ளூர் வளங்கள் மட்டுமே எட்டும். நெட்வொர்க் பக்கம் தன் பெயரில் போக முடியாது, என்கிரிப்ட் ஆன கோப்புகளையும் திறக்க முடியாது. கையால் ஓட்டினால் ஓடுகிறது, இரவில் மட்டும் ஓடவில்லை என்று வரும் புகாரில் முதலில் பார்க்க வேண்டிய இடம் அந்த டிக். நாஸுக்கு நகலெடுக்க வேண்டும் என்றால் டாஸ்க் கணக்கின் கடவுச்சொல்லைச் சேமித்தே ஆக வேண்டும். அப்போது டாஸ்க் முழு லாகினாக ஓடும், அந்தக் கணக்கின் பெட்டகத்தில் சிஎம்டிகீ போட்டு வைத்த நாஸ் விவரமும் கிடைக்கும்.

பின்னணியில் ஓடும் சர்வீஸுக்கு எஸ்சி கட்டளை. இதன் தொல்லைகள் இரண்டு. கணக்கைக் குறிக்கும் ஒப்ஜ்= என்று எழுதிய பின் ஓர் இடைவெளி விட்டுத்தான் மதிப்பைக் கொடுக்க வேண்டும், பாஸ்வேர்டு= என்பதற்கும் அப்படியே. பழைய விண்டோஸ் பவர்ஷெல்லில் எஸ்சி என்பது வேறொரு கட்டளைக்கான சுருக்கப் பெயர், கோப்பில் எழுதும் செட்-கன்டென்ட்டைக் குறிப்பது. அதனால் அங்கே எக்ஸி பின்னொட்டையும் சேர்த்தே எழுத வேண்டும். இதைவிடப் பெரிய சிக்கல், அந்தக் கணக்குக்கு ‘சர்வீஸாக லாகின் செய்யும் உரிமை’ எஸ்சி கொடுப்பதில்லை. சர்வீசஸ் திரையில் மவுஸால் மாற்றினால் உரிமையும் சேர்ந்தே கிடைக்கும். கட்டளையால் மாற்றினால் கிடைக்காது. கட்டளை வெற்றி என்று சொல்லும், சர்வீஸ் 1069 பிழையோடு எழ மறுக்கும். கடவுச்சொல் தவறு என்று நினைத்து அதையே திரும்பத் திரும்பத் தட்டி, கணக்கைப் பூட்டிக்கொள்பவர்கள் உண்டு. பவர்ஷெல் 6 முதல் செட்-சர்வீஸ் கட்டளைக்கே கிரெடென்ஷியல் என்ற பகுதி வந்துவிட்டது. அதில் கடவுச்சொல்லை வரியில் எழுத வேண்டியதில்லை.

பொது இடத்தில் வைக்கும் கியோஸ்க் திரைகளுக்கான தானியங்கி லாகின் இதே குடும்பம். ரெஜிஸ்ட்ரியில் டிஃபால்ட்பாஸ்வேர்டு என்று பச்சையாக எழுதுவதைவிட மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள ஆட்டோலாகான் மேல்; அது எல்எஸ்ஏ சீக்ரெட்டாக வைக்கும். அந்தக் கணக்குக்கு எந்த உரிமையும் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

பவர்ஷெல் கோப்பு

ஷேர், சர்வீஸ் இரண்டும் இல்லாமல், ஏதோ ஒரு வெப் ஏபிஐக்கோ டேட்டாபேஸுக்கோ ஸ்கிரிப்ட் நேரடியாகக் கடவுச்சொல்லை அனுப்ப வேண்டும் என்றால் சிஎம்டிகீ சுலபமாக உதவாது. சேமிக்க முடியும், ஆனால் விண்டோஸ் பவர்ஷெல்லில் அதைத் திரும்பப் படிக்க நேரடிக் கட்டளை இல்லை. அங்கே கெட்-கிரெடென்ஷியலில் வாங்கியதை எக்ஸ்போர்ட்-கிளிஎக்ஸ்எம்எல்லுக்குக் குழாயிட்டு ஒரு கோப்பாக வைப்பதே பரவலான வழி. ஒரே வரி. கோப்பைத் திறந்தால் நீளமான எண்ணெழுத்துச் சரம் தெரியும். டிபிஏபிஐ என்பதால் அதே யூசர், அதே கணினி இரண்டும் பொருந்தினால்தான் திரும்ப வரும். கோப்பை யாராவது நகலெடுத்துப் போனாலும் வேறு கணினியில் பயனில்லை. என் கண்ணில் இதுதான் எளிமைக்கும் பயனுக்கும் நடுவே நல்ல இடம்.

ஒரு கண்டிப்பான விதிவிலக்கு: லினக்ஸிலும் மேக்கிலும் இதே கட்டளை என்கிரிப்ட் செய்வதில்லை. எழுத்துகளை எண்களாக மாற்றி வைக்கிறது, அவ்வளவே. பார்வைக்குப் புரியாத மாதிரி இருக்கும், இரண்டு நிமிடத்தில் யாரும் படித்துவிடலாம். விண்டோஸில் பழகிய ஸ்கிரிப்டை லினக்ஸ் சர்வருக்கு எடுத்துப் போகும்போது இந்த வித்தியாசத்தைக் கட்டளை ஒரு வார்த்தைகூடச் சொல்லாது.

உள்ளூர்க் கணக்காக இருந்தால் இன்னொன்று. யூசர் தானே கடவுச்சொல்லை மாற்றினால் டிபிஏபிஐ சாவிகளும் கூடவே மாறிக்கொள்ளும். அட்மின் வலுக்கட்டாயமாக ரீசெட் செய்தால், பழைய சாவி திறக்காது. சேமித்த கோப்பும் போயிற்று, கிரெடென்ஷியல் மேனேஜரில் இருந்ததும் போயிற்று. டொமைன் கணக்குகளுக்கு டொமைன் கன்ட்ரோலரில் மாற்றுச் சாவி இருப்பதால் இந்தச் சங்கடம் இல்லை.

சீக்ரெட்மேனேஜ்மென்ட், சீக்ரெட்ஸ்டோர் என்ற இரண்டு மாட்யூல்களை மைக்ரோசாஃப்ட் 2021-இல் வெளியிட்டது. ஏஇஎஸ்-256 என்கிரிப்ஷன், எல்லா இயங்குதளத்திலும் ஒரே மாதிரி, செட்-சீக்ரெட், கெட்-சீக்ரெட் என்று அழகான கட்டளைகள். பெட்டகத்தைத் திறக்க ஒரு கடவுச்சொல் கேட்கும். திறந்தால் இயல்பாக 900 விநாடி திறந்திருக்கும். இரவு இரண்டு மணிக்கு யார் திறப்பது? அந்தப் பெட்டகத்தின் கடவுச்சொல்லை எக்ஸ்போர்ட்-கிளிஎக்ஸ்எம்எல் கோப்பில் வை என்பதுதான் வழக்கமான ஆலோசனை. ஒரே ஒரு கடவுச்சொல்லுக்காக இத்தனை அடுக்கு எதற்கு என்று எனக்குத் தோன்றும். பத்துப் பதினைந்து ரகசியங்கள் இருக்கின்றன, நாளை அவற்றை கிளவுட் பெட்டகத்துக்கு மாற்றும் திட்டம் இருக்கிறது என்றால் கதை வேறு. ஸ்கிரிப்டில் கெட்-சீக்ரெட் அப்படியே இருக்க, பின்னால் உள்ள பெட்டகத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

கடவுச்சொல்லே வேண்டாம் என்றால்

டொமைன் இருந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: எதையாவது சேமிக்கத்தான் வேண்டுமா? விண்டோஸ் சர்வர் 2012-இல் வந்த ஜிஎம்எஸ்ஏ, அதாவது குழு நிர்வகிப்பு சர்வீஸ் கணக்கு, 240 பைட் நீளமுள்ள கடவுச்சொல்லை, டொமைனின் கணக்குத் தரவுத்தளமான ஆக்டிவ் டைரக்டரியே உருவாக்கி, இயல்பாக 30 நாளுக்கு ஒருமுறை தானே மாற்றுகிறது. எந்த மனிதருக்கும் அது தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. எந்தெந்தக் கணினிகள் அதை வாங்கலாம் என்பதை மட்டும் நீங்கள் சொல்கிறீர்கள். சர்வீஸில் பெயரின் இறுதியில் டாலர் குறியோடு கொடுத்து, கடவுச்சொல்லைக் காலியாக விட வேண்டும். டாஸ்க்கிலும் ஓடும், ஆனால் பழைய திரையில் இல்லாமல் பவர்ஷெல்லில் அமைப்பது நல்லது.

தொடக்கத்தில் கொஞ்சம் பொறுமை வேண்டும். டொமைனில் முதல்முறை என்றால் இந்தக் கடவுச்சொற்களை உருவாக்கப் பயன்படும் கேடிஎஸ் ரூட் கீ ஒன்றை உருவாக்க வேண்டும். எல்லா டொமைன் கன்ட்ரோலருக்கும் அது பரவட்டும் என்று 10 மணி நேரம் காத்திருக்க வைக்கும். அவசரத்தில் இருப்பவர்கள் அங்கேயே திரும்பிவிடுகிறார்கள். அப்புறம் பத்து வருடத்துக்கு மாற்றப்படாத ஒரு சர்வீஸ் கடவுச்சொல் எல்லாச் சர்வர்களிலும் உட்கார்ந்திருக்கும்.

நம் நாஸ் பெட்டி டொமைனில் இல்லை என்பதால் இது அதற்கு உதவாது. நாஸை டொமைனில் சேர்க்க முடியுமென்றால் சேர்த்துவிட்டு, ஷேரில் ஜிஎம்எஸ்ஏவுக்கு உரிமை கொடுத்துவிடுவேன். மேலே சொன்ன சிஎம்டிகீ சமாசாரம் முழுக்கத் தேவையற்றுப்போகும். சேர்க்க முடியாத பெட்டியென்றால்: தனி டாஸ்க் கணக்கு, அதன் பெட்டகத்தில் சிஎம்டிகீ ஆட். நாஸ் பக்கத்தில் அந்த ஒரு ஷேரில் மட்டும் உரிமையுள்ள யூசர். முடிந்தால் பழைய நகல்களை அழிக்கும் உரிமை இல்லாமல். கடவுச்சொல் திருட்டுப் போனாலும் போவது அந்த ஒரு ஷேர் மட்டுமே என்றால், எந்தக் கட்டளையில் சேமித்தோம் என்பது இரண்டாம்பட்சமாகிவிடும்.

வரியில் எழுதும் கடவுச்சொல்

எந்த வழியானாலும் கடவுச்சொல்லைக் கட்டளையோடு சேர்த்து எழுதுவதுதான் பெரும்பாலும் உண்மையான ஓட்டை. ஓடும் செயல்களின் முழுக் கட்டளைவரியை அட்மின் பார்க்கலாம். புதிய செயல் தொடங்குவதைக் குறிக்கும் 4688 என்ற ஈவென்ட்டில் கட்டளைவரியையும் பதி என்று பாலிசி வைத்திருந்தால் அது லாகில் தங்கிவிடும். அந்த லாக் அங்கிருந்து மையச் சேகரிப்புக்கும் போகும், அங்கே படிக்க உரிமை உள்ளவர்கள் அதிகம். சிஸ்மான் என்ற கண்காணிப்புக் கருவியை நிறுவியிருந்தாலும் இதே கதைதான். பவர்ஷெல்லில் தட்டியதோ தட்டிய வரிகளை நினைவில் வைக்கும் பிஎஸ்ரீட்லைன் மாட்யூலின் வரலாற்றுக் கோப்பில் சேரும். பாஸ்வேர்டு, டோக்கன், சீக்ரெட் போன்ற சொற்கள் உள்ள வரிகளை அது தவிர்க்கப் பார்க்கும். அதை நம்பி இருக்க வேண்டாம்.

நடைமுறையில் இன்னொரு காரணமும் உண்டு. கடவுச்சொல்லில் சதவீதக் குறி இருந்தால் பேட்ச் கோப்பில் அதை இருமுறை எழுத வேண்டும். அன்ட் குறி, கேரட் குறி இருந்தால் வேறு தொல்லைகள். கட்டளையே கேட்டு வாங்கும்போது இவை எதுவும் குறுக்கே வராது.

மொத்தமாகக் கணினிகளுக்குக் கடவுச்சொல்லைப் பரப்ப மைக்ரோசாஃப்டே ஒரு வழி வைத்திருந்தது: குரூப் பாலிசி பிரிஃபரன்ஸ். உள்ளூர் அட்மின் கடவுச்சொல், டாஸ்க், டிரைவ் மேப்பிங் எல்லாவற்றையும் அதில் கொடுக்கலாம். என்கிரிப்ட் செய்யத்தான் செய்தது. ஆனால் அந்த ஏஇஎஸ் சாவியை மைக்ரோசாஃப்ட் தன் ஆவணத்திலேயே வெளியிட்டிருந்தது. கோப்புகள் இருந்த சிஸ்வால் ஃபோல்டரை டொமைனில் உள்ள யாரும் படிக்கலாம். 2014 மே மாதம் எம்எஸ்14-025 என்ற திருத்தத்தால் புதிதாகச் சேமிப்பதை நிறுத்தினார்கள். முன்பே சேமித்தவற்றைத் திருத்தம் அழிக்கவில்லை. பழைய டொமைன் ஒன்றைப் பொறுப்பேற்பவர்கள் சிஸ்வாலில், அந்தக் கடவுச்சொற்கள் பதிந்திருக்கும் சிபாஸ்வேர்டு என்ற சொல்லைத் தேடிப் பார்ப்பது இன்றைக்கும் வீண் வேலை அல்ல.

சேமித்த பிறகு

கடவுச்சொல்லை மாற்றும் நாளில்தான் இந்த வழிகளுக்கிடையே உள்ள மீதி வித்தியாசம் தெரியும். ஜிஎம்எஸ்ஏவில் மாற்ற எதுவும் இல்லை. பவர்ஷெல் கோப்பில் ஒரு கோப்பை மறுபடி எழுதினால் போதும். கிரெடென்ஷியல் மேனேஜரில் இருப்பது மட்டும் மறதியில் தங்கிவிடும். ஒருவர் எப்போதோ தன் டொமைன் கணக்கை ஏதோ ஒரு கணினியில் சேமித்திருப்பார். கடவுச்சொல்லை மாற்றிய அன்றிலிருந்து அந்தக் கணினி பழையதை அனுப்பி அனுப்பிக் கணக்கைப் பூட்டும். டொமைன் கன்ட்ரோலரில், கணக்கு பூட்டப்பட்டதைக் குறிக்கும் 4740 ஈவென்ட்டைத் திறந்தால் எந்தக் கணினியிலிருந்து வருகிறது என்று பெயர் இருக்கும். அங்கே போய் சிஎம்டிகீ /லிஸ்ட், பிறகு சிஎம்டிகீ /டெலீட் என்று கொடுத்து இலக்கின் பெயரைச் சேர்த்தால் முடிந்தது.

ஆனால் லிஸ்ட் காட்டுவது அதை ஓட்டுபவரின் பெட்டகத்தை மட்டுமே. டாஸ்க் கணக்கின் பெட்டகத்தில் என்ன இருக்கிறது என்று உங்கள் அட்மின் கணக்கிலிருந்து பார்க்க முடியாது. அந்தக் கணக்காகவே நுழைந்து பார்க்க வேண்டும். அதனால் எந்தக் கணினி, எந்தக் கணக்கு, எந்த இலக்கு என்று மூன்று பத்திகளில் சர்வர் ஆவணத்திலேயே குறித்துவிடுங்கள், கடவுச்சொல்லைத் தவிர.